எவரெஸ்ட்டிலிருந்து நெய்யூருக்கு: டொக்டர் சோமர்வெல்லின் வாழ்க்கை

சான்டா கிளாராவில் எல் கமினோ ரியல் வீதியிலுள்ள நம்மவர் கடைகளில் குளிர்ப்பெட்டியைத் திறந்தால், தோல் சீவி வெட்டிய மரவள்ளிக்கிழங்கு பொதி பொதியாகக் கிடக்கும். நாமும் அவ்வப்போது ஒன்றை எடுத்து வருவோம். அவித்த மரவள்ளியும் செத்தல் மிளகாய் போட்ட இடிச்ச சம்பலும் இருந்தால் அன்று வேறு கறி தேவையில்லை. மரவள்ளி தின்ற அன்று இஞ்சி தொடக்கூடாது என்று அம்மா சொன்னதும் கூடவே நினைவுக்கு வரும்.

எமது பெரியப்பா முறையான ஒருவர் மட்டும் அதைத் தொடமாட்டார். வயிற்றுக்கு ஒத்துவராது என்பார். எழுபதுகளில் ஊரில் அவருக்கு வயிற்றுப் புண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. தொப்புளுக்கு மேலே நெடுக ஒரு தழும்பு இன்றும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இங்கே இரத்தம் குறைந்து களைத்துப் போனபோது, வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். பார்த்த இளம் வைத்தியர் வெளியே வந்து எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போக எல்லாருக்கும் ஒரு வாசல்தான் இருக்கும், இவருக்கு இரண்டு இருக்கிறதே, பழைய சத்திரசிகிச்சைக் குறிப்புகள் ஏதும் உண்டா என்றார். கிளினிக் கொப்பி 95 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது என்று சொன்னோம். அவர் அந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தார். புண்ணுக்காக அதைச் செய்துகொண்ட ஒருவரை நேரில் பார்த்தது அதுவே முதல் தடவை என்றார்.

அந்த இரண்டாவது வாசல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கியதில்தான் டொக்டர் சோமர்வெல் எமக்கு அறிமுகமானார். மானிப்பாயில் இருந்து தமிழில் மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீனை நம்மவர்கள் நன்கு அறிவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மக்களுக்குச் சோமர்வெல்லும் அப்படிப்பட்ட ஒரு பெயர். உலகம் அவரை எவரெஸ்ட் மலையேறியாக நினைவில் வைத்திருக்கிறது. ஏழைத் தமிழரின் வயிறுகளோடு அவர் செலவழித்த வருடங்களைப் பற்றி வெளியே பேசுவோர் குறைவு. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1890 ஏப்ரல் 16 ஆம் திகதி இங்கிலாந்தின் வடக்கே, கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்துக்குச் சொந்தமாகப் பெயர்பெற்ற சப்பாத்துக் கம்பனி ஒன்று இருந்தது. வியாபாரத்தில் இருந்திருந்தால் கவலையின்றி வாழ்ந்திருக்கலாம். அவர் ரக்பி பாடசாலையிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்து, இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் தேறி, இலண்டன் யுனிவர்சிட்டி கொலிஜ் வைத்தியசாலையில் மருத்துவம் பயின்றார். மலையேறுவது, படம் வரைவது, இசை மூன்றிலும் பெரும் பற்று. அவரது பிறந்த ஊரைச் சுற்றி ஏரிகளும் குன்றுகளும் நிறைந்திருந்ததால் மலை அவருக்குச் சிறு வயதிலேயே பழக்கம்.

படிப்பு முடிந்ததும் முதலாம் உலகப் போர் பிடித்துக்கொண்டது. இராணுவ மருத்துவப் பிரிவில் கப்டனாக 1915 இல் பிரான்சுக்குப் போனார். 1916 ஜூலையில் சோம் சண்டை தொடங்கியது. சுமார் ஆயிரம் காயக்காரருக்கென்று ஆயத்தம் செய்திருந்த இடத்துக்குப் பல ஆயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடாரங்கள் நிரம்பி, வெளியே புல்வெளி முழுக்க மனிதர்களைக் கிடத்தினார்கள். சத்திரசிகிச்சை செய்யக்கூடியவர்கள் ஒரு கை விரல்களில் எண்ணக்கூடிய அளவுதான். யாரை மேசைக்குக் கொண்டுபோவது, யாரை விடுவது என்று வைத்தியர்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இடையில் கிடைத்த ஓய்வில் அவர் காயக்காரரிடையே நடந்து போனார். தன்னை முதலில் பார் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அவர் மனதில் ஆழப் பதிந்தது. அந்த வெளியிலிருந்துதான் அவர் போரை வெறுக்கும் மனிதராக வெளியே வந்தார்.

போர்க்களத்து ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தறப்பாளின் கீழ் வரிசையாகக் கிடந்தவர்களை நம்மில் பலர் கண்ணால் கண்டவர்கள். ஒரு வைத்தியருக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்பதை மட்டும் சோமர்வெல்லின் வாழ்க்கையில் பார்க்கலாம். முன்னால் கிடக்கும் கூட்டம், போதாத கைகள் என்ற அந்தக் கணக்கு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1922 இல் எவரெஸ்ட்டில் ஏறுவதற்கான முதலாவது பிரித்தானியப் பயணத்தில் அவரும் சேர்க்கப்பட்டார். மே 21 ஆம் திகதி மலோரி, நோர்ட்டன் ஆகியோருடன் செயற்கை ஒட்சிசன் இல்லாமல் 8,225 மீற்றர் வரை ஏறினார். அதற்கு முன் எந்த மனிதரும் அவ்வளவு உயரத்தில் கால் வைத்ததாகப் பதிவில்லை. ஜூன் 7 ஆம் திகதி மூன்றாவது முயற்சியில் பனிச்சரிவு வந்தது. சுமை தூக்கி வந்த ஷெர்பாக்கள் ஏழு பேர் அதில் இறந்தார்கள். வெள்ளையர் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஏழு பேரோடு வெள்ளையரில் ஒருவராவது போயிருந்தால், இழப்பில் தாங்களும் பங்கெடுத்தோம் என்று ஷெர்பாக்களுக்குத் தெரிந்திருக்குமே என்று சோமர்வெல் வருந்தினார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து எளிதில் வரக்கூடிய எண்ணம் இல்லை அது.

மலையிலிருந்து இறங்கியவர் நேரே ஊருக்குப் போகவில்லை. இந்தியாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தெற்கே வந்தார். அப்படி வந்து சேர்ந்த இடம்தான் நெய்யூர்.

நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில் இருந்தது. நாகர்கோவிலுக்கு மேற்கே, இரணியலுக்கு அருகே உள்ள சிற்றூர். மக்கள் பேசுவது தமிழ். 1956 இல் எல்லை மாறியபோது கன்னியாகுமரி மாவட்டத்தோடு அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற வைத்தியர் 1838 இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார். சோமர்வெல் போனபோது அது கிளை ஆஸ்பத்திரிகள் பலவற்றைக் கொண்ட பெரிய அமைப்பாக வளர்ந்திருந்தது. ஆனால் அத்தனைக்கும் சேர்த்து முழுத் தகுதி பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் பியூ என்ற ஒருவர்தான். வாசலில் நோயாளர் வரிசை முடிவின்றி நின்றது. பியூ களைத்துப் போயிருந்தார்.

சோம் புல்வெளியில் கண்ட காட்சி மறுபடி கண்முன் வந்திருக்க வேண்டும். இலண்டனில் தான் பயின்ற வைத்தியசாலையிலேயே நல்லதொரு பதவி அவருக்குக் காத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நெய்யூருக்கு வர முடிவு செய்தார். அப்போது வயது 32.

1924 இல் மீண்டும் எவரெஸ்ட்டுக்கு அழைப்பு வந்தது. இம்முறை நெய்யூரிலிருந்து போனார். உயரத்தில் ஒரு முகாமில் நான்கு சுமைதூக்கிகள் இறங்க முடியாமல் அகப்பட்டபோது, மலோரியும் நோர்ட்டனும் சோமர்வெல்லும் தங்கள் உச்சி முயற்சியை ஒத்திவைத்துவிட்டுப் போய் அவர்களை மீட்டார்கள். கயிற்றின் முனையில் சரிவின் குறுக்கே போய் அவர்களை இழுத்துவந்தவர் சோமர்வெல். இரண்டு வருடங்களுக்கு முன் இறந்த ஏழு பேரின் நினைவு அவர்களுக்கு இருந்தது.

ஜூன் 4 ஆம் திகதி நோர்ட்டனும் அவரும் உச்சியை நோக்கிப் போனார்கள். வறண்ட குளிர்காற்று சோமர்வெல்லின் தொண்டையைக் கிழித்துவிட்டிருந்தது. ஓர் இடத்தில் இனி முடியாது என்று அமர்ந்து, நோர்ட்டனைத் தனியே போகச் சொன்னார். நோர்ட்டன் 8,570 மீற்றர் அளவில் போய்த் திரும்பினார். இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டையில் ஏதோ கழன்று அடைத்துக்கொண்டது. மூச்சு வரவில்லை, குரலும் வரவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த நோர்ட்டனுக்கு இது தெரியாது. பனியில் அமர்ந்து சாவை எதிர்பார்த்தவர், கடைசியாக இரண்டு கைகளாலும் தன் மார்பை ஓங்கி அழுத்தினார். குளிரில் செத்துப்போன தொண்டைச் சவ்வு இரத்தத்தோடு வெளியே வந்தது. மூச்சு திரும்பியது. நான்கு நாட்களின் பின் மலோரியும் இர்வினும் அதே மலையில் ஏறி மறைந்து போனார்கள். அவர்கள் கொண்டுபோனதாகக் கருதப்படும் சிறிய கமரா சோமர்வெல் இரவல் கொடுத்தது. அதைத் தேடி இன்றும் ஆட்கள் மலையேறுகிறார்கள்.

சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு மார்கரெட் ஹோப் சிம்சனை மணந்தார். அதன் பின் சுமார் இருபது வருடங்கள் அந்த ஊர்தான் அவரது வீடு.

அங்கே அவரிடம் வந்தவர்களில் பெரும்பகுதியினர் வயிற்றுக்காரர்கள். எங்கே என்ன நோய் கூடுதலாக இருக்கும் என்பது விசித்திரமானது. இரைப்பைக்கு அடுத்துவரும் முன்சிறுகுடலில் புண் வருவது வட இந்தியாவில் அவ்வளவு காணப்படவில்லை. தெற்கே, குறிப்பாகத் திருவிதாங்கூர்ப் பக்கம், அது வீட்டுக்கு வீடு இருந்தது. பெரும்பாலும் இளவயது, நடுவயது ஆண்கள். கூலி வேலை செய்பவர்கள். வருடக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டு, நாட்டுமருந்து தின்று, முடியாத கட்டத்தில்தான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவார்கள்.

அதற்குள் புண் ஆறி, மறுபடி வந்து, மறுபடி ஆறி, தழும்பின் மேல் தழும்பு விழுந்து, இரைப்பையின் வாசல் இறுகிப் போயிருக்கும். சாப்பிட்டது கீழே இறங்காது. இரைப்பை ஒரு தண்ணீர்ப் பை போல ஊதித் தொங்கும். நேற்றுத் தின்ற சோறு இன்று வாந்தியில் வரும். வாந்தியோடு உடம்பின் நீரும் உப்பும் போய்விடும். நரம்பும் தோலுமாக வருகிறவருக்கு உண்மையில் பசியால்தான் உயிர் போய்க்கொண்டிருக்கும். தட்டில் சோறு இருந்தும் அவர் பட்டினிதான்.

இதற்கான சத்திரசிகிச்சை 1881 இல் வியன்னாவில் பிறந்தது. பில்ரோத் என்ற மேதையின் கீழ் வேலை செய்த வோல்ஃப்ளர், அடைபட்ட வாசலை விட்டுவிட்டு, இரைப்பையின் சுவரில் வேறோர் இடத்தில் துளையிட்டு, இடைச்சிறுகுடலின் ஒரு வளைவை மேலே கொண்டுவந்து அதோடு தைத்தார். முன்வாசல் அடைத்துக்கொண்டால் பக்கத்தில் ஒரு கதவு வைப்பது போல. எமது பெரியப்பாவின் வயிற்றில் இளம் வைத்தியர் கண்ட இரண்டாவது வாசல் இதுதான்.

நெய்யூரில் சோமர்வெல்லும் அவரோடு பணிபுரிந்த டொக்டர் ஓரும் இதை ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தார்கள். பட்டினியால் வற்றிப்போய் வந்தவர் சில வாரங்களில் சோறு தின்று நடந்து போவார். உலகத்தில் வேறெந்த ஒரு சிறு ஊரிலும் இவ்வளவு இரைப்பைச் சத்திரசிகிச்சைகள் நடந்திருப்பது அரிது.

ஆனால் கதவு வைத்ததோடு கதை முடிவதில்லை. இரைப்பை அமிலத்தைத் தாங்க இடைச்சிறுகுடல் படைக்கப்படவில்லை. புதிய வாசலின் விளிம்பிலேயே சிலருக்கு மறுபடி புண் வந்தது. மிக அரிதாக, அந்தப் புண் பக்கத்தில் கிடக்கும் பெருங்குடலையும் துளைத்துவிடும். அப்போது இரைப்பையும் பெருங்குடலும் நேரே இணைந்துவிடும். தின்றது செரிக்காமல் அப்படியே வெளியேறும், ஏப்பத்தில் மலநாற்றம் வரும், ஆள் சில மாதங்களில் உருகிப்போவார். வேறு சிலருக்குச் சாப்பாடு வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரும். நோயைத் தீர்க்கப் போன கத்தியே புது நோயைக் கொண்டுவருவது சத்திரசிகிச்சை வைத்தியர்களின் தீராத கவலை.

மேல்நாட்டில் இதற்கு அப்போது கண்ட விடை, அமிலம் சுரக்கும் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு அதைத் தாங்கலாம். இரத்தம் வற்றி, எடை குறைந்து வந்த நெய்யூர்க் கூலியாள் தாங்குவாரா? பிறகு வாழ்நாள் முழுக்கச் சிறிது சிறிதாக, பல வேளை சத்துணவு தின்ன அவருக்கு வசதி உண்டா? சோமர்வெல் வேறு வழி தேடினார். இரைப்பைக்கு வரும் பெரிய இரத்தக்குழாய்களைக் கட்டிவிட்டால் அமிலச் சுரப்புக் குறையும், இரைப்பையை வெட்டவும் தேவையில்லை என்று கருதினார். பல திசைகளிலிருந்தும் இரத்தம் வரும் உறுப்பு என்பதால் சில குழாய்களைக் கட்டினாலும் இரைப்பை அழுகாது. வாசல் வைப்பதோடு இதையும் சேர்த்துச் செய்தார். 1945 இல் இதைப் பிரித்தானியச் சத்திரசிகிச்சைச் சஞ்சிகையில் எழுதினார். அதே காலத்தில் சிக்காகோவில் டிராக்ஸ்டெட் என்பவர், அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். கடைசியில் நிலைத்தது நரம்பை வெட்டும் முறைதான். நரம்பை வெட்டி, பக்கவாசலும் வைக்கும் சத்திரசிகிச்சை பின்னர் பல தசாப்தங்கள் தென்னிந்தியாவில் வழக்கமாக நடந்தது.

சோமர்வெல்லின் முறை நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் கேள்வியைக் கேட்ட விதம் கவனிக்கத்தக்கது. நல்ல சத்திரசிகிச்சை எது என்று பொதுவாகக் கேட்காமல், இந்த மனிதர் வீட்டுக்குப் போய் வாழக்கூடிய சத்திரசிகிச்சை எது என்று கேட்டார்.

இன்னொன்றையும் அவர் கேட்டார். ஏன் இந்த ஊரில் மட்டும் இவ்வளவு? 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மாற்றாக மரவள்ளியை ஊக்குவித்தார். அது ஏழைகளின் பிரதான உணவாயிற்று. கிழங்கு, புளி, மிளகாய், கொஞ்சம் மீன். பாலும் பருப்பும் காய்கறியும் அரிது. குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்த மக்காரிசன், பல பிரதேசத்து ஏழைகளின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர்ச் சாப்பாடு தின்ற எலிகளில் கால்வாசிக்கு மேற்பட்டவற்றுக்கு இரைப்பையில் புண் வந்தது. சென்னைப் பக்கத்து ஏழைச் சாப்பாட்டில் பத்தில் ஒன்று அளவு. வடக்கே கோதுமை ரொட்டியும் பாலும் கீரையும் தின்ற எலிகள் தப்பின. சோமர்வெல்லும் ஓரும் 1936 இல் வெளியிட்ட கட்டுரையில் நோயின் காரணத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். நோயின் வேர் ஏழ்மையில் இருக்கிறது என்பது சத்திரசிகிச்சை மேசையிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்தது. வெற்றிலையும் புகையிலையும் மென்று வாயில் புற்றுநோயோடு வந்தவர்களுக்கு ரேடியம் கொண்டு சிகிச்சை செய்வதிலும் நெய்யூர் இந்தியாவில் முன்னோடியாக இருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சோமர்வெல் மதப் பணியாளராகவே வந்தார். தன் விசுவாசத்தைப் பரப்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது, அதை ஒளிக்கவும் இல்லை. அவர் வந்த கப்பல் வழி வெள்ளைக்காரன் ஆட்சியின் வழி. இவற்றையெல்லாம் ஏற்காதவர்கள் நம்மில் உண்டு. ஆனாலும் கோயில் வீதியில் நடக்கக்கூடச் சிலருக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த காலத்துத் திருவிதாங்கூரில், அந்த ஆஸ்பத்திரி எல்லாச் சாதியாரையும் எடுத்தது என்பதும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

நெய்யூரை விட்ட பிறகும் அவர் தமிழ்நாட்டை விடவில்லை. 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திரசிகிச்சைப் பேராசிரியராகப் போய், இந்திய இளைஞர்களுக்குக் கற்பித்தார். 1948 இல் இரைப்பை, முன்சிறுகுடல் சத்திரசிகிச்சை பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் இமயமலைக் காட்சிகளை வரைந்தார். 1961 இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பி, அல்பைன் கழகத்தின் தலைவராக இருந்து, 1975 ஜனவரி 23 ஆம் திகதி ஆம்பிள்சைட் என்ற ஊரில் 84 வயதில் காலமானார். திருவனந்தபுரம் மாவட்டத்துக் காரக்கோணத்திலுள்ள மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் இறந்த மறுவருடமே அமிலத்தைக் குறைக்கும் முதலாவது புதுவகை மாத்திரை இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1982 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வொரன், மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள், இந்தப் புண்களுக்குப் பெரும்பாலும் காரணம் இரைப்பையில் வாழும் ஹெலிகோபக்டர் என்ற கிருமி என்று கண்டார்கள். எவரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து நோயை வரவழைத்துக் காட்டினார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வடக்கிலும் தெற்கிலும் ஒரே அளவில் அந்தக் கிருமி இருந்தும் தெற்கே மட்டும் ஏன் புண் கூடுதலாக வந்தது என்பது பின்னும் விவாதிக்கப்பட்டது. ஆகவே உணவைப் பற்றிய நெய்யூரின் சந்தேகம் முற்றிலும் தவறிப்போகவில்லை. ஆனால் சிகிச்சையைப் பொறுத்தவரை எல்லாம் மாறிவிட்டது. ஒருவர் ஆயிரக்கணக்கான தடவை வயிற்றைத் திறந்து செய்த வேலையை இன்று இரண்டு வார மாத்திரைகள் செய்துவிடுகின்றன.

கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள் என்பதால் எமக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி வந்தது. பழையதாகிப் பயனற்றுப்போன சொத்தை ஏட்டிலிருந்து தள்ளிவிடுவது எம் தொழிலில் வழக்கம். அப்படியானால் சோமர்வெல்லின் இருபது வருடங்களையும் தள்ளிவிடலாமா? நெய்யூரில் சோறு தின்று நடந்து போனவர்கள் மாத்திரை வரும்வரை ஐம்பது வருடம் காத்திருக்க முடியாது. அவர்களுக்கு அந்தக் கத்திதான் இருந்தது. பிழைத்தவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பேரர்கள். முறை பழையதாகலாம். அதனால் வாழ்ந்த உயிர் வாழ்ந்ததுதான். எமது பெரியப்பாவும் அந்தக் கணக்கில் ஒருவர். அந்தப் பக்கவாசல் இல்லையென்றால் அவர் எழுபதுகளைத் தாண்டியிருக்க மாட்டார், எம்மைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிப் போயிருக்கவும் மாட்டார்.

இதனால் நம் வீடுகளுக்கு ஆக வேண்டியதும் ஒன்று உண்டு. இங்கே சான்டா கிளாராவிலும், நியூ ஜேர்சியிலும், டெக்சாஸிலும், வயிற்றில் பழைய தழும்போடு கையில் துண்டு இல்லாமல் வாழும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்றே உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம், எந்த ஊர், வெட்டி எடுத்தார்களா, இணைத்தார்களா என்று நினைவில் உள்ளதை எழுதி, குடும்ப வைத்தியரிடம் கொடுங்கள். இரைப்பையில் சத்திரசிகிச்சை நடந்தவர்களுக்கு இரும்புச்சத்தும் பி12 உம் மெல்ல மெல்லக் குறையும், அது வயதின் களைப்பு என்று தள்ளப்பட்டுவிடும். பெரியப்பாவுக்கு நடந்தது அதுதான்.

தழும்பு இல்லாதவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. காஸ்ற்றிக் என்று சொல்லி வருடக்கணக்கில் கடை மாத்திரையோடு காலம் தள்ளாதீர்கள். நம் நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்களிடம் அந்தக் கிருமி கூடுதலாகக் காணப்படுகிறது. மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ அதைக் கண்டுபிடிக்கலாம். பரிசோதனைக்கு முன் அமில மாத்திரைகளை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விடை பிழையாக வரலாம். முழங்கால் நோவுக்கு அடிக்கடி போடும் நோ மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். மலம் கறுப்பாகப் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, சாப்பிட்டது வாந்தியாக வந்துகொண்டிருந்தாலோ ஒரு நாளும் பொறுக்கக்கூடாது. நெய்யூர் வாசலில் நின்றவர்கள் பொறுத்தது வழியில்லாமல். நமக்கு வழி இருக்கிறது.

சோமர்வெல் தன் நாட்டில் இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்ற நிலையில் இருந்தும் தேவை கண்ட இடத்தில் தங்கினார். நாம் அப்படி இல்லை. நமக்கு இருக்க விருப்பமிருந்தும் இருக்க முடியவில்லை. ஆகவே அவரையும் நம்மையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் வந்து சேர்ந்த இடத்தில் முன்னால் நிற்கும் வேலையைச் செய்வது என்பது இருவருக்கும் பொது. உச்சியை அடையாத மனிதர் என்று மலையேறிகளின் புத்தகங்கள் அவரை எழுதும். நெய்யூர்க்காரர்கள் அந்த மலையைக் கண்டதே இல்லை. தங்கள் ஊருக்குத் திரும்பி வந்த வைத்தியர் என்று மட்டுமே அவரை அறிவார்கள்.

போன கிழமை பெரியப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தனக்குச் செய்த வைத்தியரின் பெயரை நினைவுபடுத்திப் பார்த்தார், வரவில்லை. அவர் கெட்டிக்காரன் என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவரது சத்திரசிகிச்சை விபரத்தை ஒரு தாளில் எழுதி, மாத்திரைப் பெட்டிக்குள் வைத்தோம்.